கெம்பம்மாவின் கையில் அத்தாவின் வாட்ச்

மத்திகிரி, ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சானியாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் தம்பி அர்பாஸும் அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நோன்பும் விட்டுப்போகாமல் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எங்களுக்கு இங்கே சோறு இறங்குகிறது. தினமும் போனில் பேசிக்கொள்கிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். மாடியில் குடியிருக்கும் ஜெயப்ரியாவின் சிநேகிதி ஒருத்தி மேல்படிப்புக்கு டப்ளின் வருகிறாள், அவளிடம் புளியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், அத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அது அப்படி இல்லை, இது இப்படி இல்லை என்பார், நான் முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடக் கூப்பிட நான் போனை எடுக்கவில்லை என்று உனக்கு இன்னும் மனக்குறை இருக்கிறது, நேற்றுப் பேசும்போதும் குரலில் தெரிந்தது. நியாயம்தான். அன்றைக்கு என் பக்கத்தில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. அர்பாஸைக் கம்பெனியில் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள், முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருக்கிறது, ஆனாலும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மா நன்றாகப் பூத்திருக்கிறதாம், மழை வந்து கொட்டிவிடாமல் இருந்தால் சரி. கீழ் வீட்டுக் குழாயை மாற்றியாயிற்று. அத்தாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, நீ சொன்ன பயிற்சியை இரண்டு நாள் செய்தார், பிறகு மறந்துவிட்டது என்றார். மறக்கவில்லை, சோம்பல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் அத்தா மினி லாரியை எடுத்துக்கொண்டு அஞ்செட்டிப் பக்கம் கிளம்பினார். அஞ்செட்டிக்கும் அந்தாண்டை மலைமேல் நாலைந்து வீடுள்ள ஒரு கொட்டாயில் புளி உலுக்கிக் குவித்து வைத்திருக்கிறார்கள், வேறு வியாபாரி வருவதற்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நோன்பு வைத்துக்கொண்டு அந்த மலை ஏற வேண்டுமா, ரோடு நிற்கிற இடத்திலிருந்து நடக்க வேண்டுமே, முட்டி தாங்குமா என்று கேட்டேன். புளி நோன்பு முடியும்வரை எனக்காகக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய போனைப் பற்றி உனக்குத் தெரியும், சார்ஜ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும், புதிது வாங்கச் சொன்னால் பேச்சை மாற்றுவார். கையில் நீ போன தடவை வந்தபோது கட்டிவிட்ட வாட்ச் இருந்தது. அதிலேயே சிம் இருக்கிறது, போன் இல்லாவிட்டாலும் பேசலாம், ஆபத்தென்றால் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நம் மூன்று பேருக்கும் இடத்தோடு செய்தி போகும் என்று நீ பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தாய். அவர் விழுந்தால் தானாகவும் செய்தி போகும் என்றாய். ஒரு தடவை மூட்டையைத் தூக்கி லாரியில் எறிந்ததற்கு, அவர் விழுந்துவிட்டார் என்று அது நமக்கெல்லாம் சொல்லி, நான் அழுதுகொண்டே தெருவுக்கு ஓடிய கதை உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த வாட்சைப் பார்த்தாலே எனக்கு ஒரு எரிச்சல்.

சாயங்காலம் அஸர் தொழுது முடித்து நோன்புக் கஞ்சிக்கு அரிசி நொய்யைக் களைந்துகொண்டிருந்தேன். போன் அலறியது. அது கூப்பிடுகிற சத்தம் இல்லை, நீ வைத்துவிட்டுப் போன அந்த ஆபத்துச் சத்தம். அத்தா பெயரைப் போட்டு, பஷீர் அஹமதுக்கு உதவி தேவை என்று எழுத்து, கீழே மேப்பில் பச்சைக்கு நடுவே ஒரு புள்ளி. மூட்டை எறிந்ததாகத்தான் இருக்கும் என்று முதலில் மனசைத் தேற்றிக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன், அணைந்து கிடந்தது. வாட்ச் நம்பருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அர்பாஸுக்குப் போட்டேன். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், ஷிப்டு முடியாமல் கையில் தரமாட்டார்கள், அது தெரிந்தே போட்டேன். மேலே பார்த்து ஜெயப்ரியாவைக் கூப்பிட்டேன், அன்றைக்கு அவளுக்கு லீவு. தலைக்குக் குளித்த ஈரத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். போனை வாங்கிப் பார்த்தவள், இந்த முறை புள்ளி நகரவே இல்லைக்கா என்றாள். அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்து ஓடி வந்து பேசுகிறாய் என்று மூச்சிலேயே தெரிந்தது. அத்தா விழுந்துட்டாரும்மா, பொத்தான அழுத்தியிருக்காரு என்றாய். நான் உன்னிடம், வைடி, நான் மறுபடியும் வாட்சுக்குப் போட்டுப் பார்க்கிறேன், எடுக்காவிட்டால் உன்னைக் கூப்பிடுகிறேன் என்றேன். எடுத்துவிட்டார்கள். அதனால்தான் உன்னைக் கூப்பிடவில்லை.

எடுத்தது அத்தா இல்லை. ஒரு பொம்பளைக் குரல். முனகல் மாதிரி, தூரத்தில் இருந்து வருகிற மாதிரி. யார் நீ, இது என் வீட்டுக்காரர் வாட்சாச்சே, அவர் எங்கே என்று கேட்டேன். பதில் கன்னடத்தில் வந்தது, நடுநடுவே தமிழும். இந்தக் கைக்குள்ள இருந்தா பேசற, யாரும்மா நீ என்று அவள் என்னைக் கேட்டாள். உன் அம்மா ஆனேக்கல்லில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போனவள், அந்தக் கன்னடம் இத்தனை வருஷத்தில் பால்காரரிடம் பேசத்தான் உதவியிருக்கிறது. அன்றைக்கு அதில்தான் பேசினேன். அவள் பெயர் கெம்பம்மா. ராத்திரி மாடு திரும்பவில்லை என்று காலையில் தேடப்போனவள், ஓடைப் பள்ளத்தில் சறுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறாள். தொடை எலும்பு போய்விட்டது, கால் திரும்பின மாதிரி இருக்கிறது என்றாள். கத்திக் கத்தித் தொண்டை வற்றின பிறகு, அந்தப் பக்கமாக நடந்து போன நம் அத்தா காதில் முனகல் விழுந்திருக்கிறது. ஒரு தாடிக்காரரு வந்தாரு, என்னைத் தூக்கிப் பாத்தாரு, முடியல, இத என் கையில கட்டிவிட்டுட்டு, யாராவது கூப்பிட்டா இந்தப் பச்சையைத் தொடுன்னு சொல்லிட்டு மேல போயிட்டாரு, மொதல்ல கூப்பிட்டப்ப எனக்குத் தொடத் தெரியல என்றாள்.

அத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு கேட்டேன். பொத்தானை அழுத்திப் பிடித்தாராம், அது கிய்யென்று கத்திவிட்டு ஏதோ இங்கிலீஷில் காட்டியதாம், போயிற்றா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கொட்டாய்க்குப் போய் ஆள் கூட்டி வரலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தவர் நின்றுவிட்டார். நான் நகுந்தா புள்ளியும் என்கூடவே நகுரும், தேடி வர்றவங்க என்னைத் தேடி மேல வருவாங்க, ஆளு இங்கதான கெடக்குது என்று யோசித்து, திரும்பி வந்து கழற்றி அவள் கையில் கட்டியிருக்கிறார். சட்டையையும் கழற்றிச் சுருட்டி அவள் தலைக்கு வைத்துவிட்டு பனியனோடு போயிருக்கிறார். சட்டை விஷயத்தைக் கெம்பம்மாதான் போனிலேயே எனக்குச் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது, வந்த கையோடு போகவும் போயிற்று. யோசித்துப் பார். அவர் உயிரோடு இருக்கிறார், சரி. ஆனால் அந்தப் புள்ளி இப்போது அவர் இல்லை. யானை நடமாடுகிற தடத்தில், நோன்போடு, முட்டி வலியோடு, போனும் இல்லாமல் வாட்சும் இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று சொல்ல எனக்கு ஒரு புள்ளியும் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் கெம்பம்மாவின் குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கைவிட எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கூப்பிட்டது திரையில் வந்து வந்து போயிற்று, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஜெயப்ரியா அவள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அந்த இடத்தை அனுப்பிவைத்தாள். அஞ்செட்டியிலிருந்து வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் டிரைவரே கூப்பிட்டார். நீங்க அனுப்பின எடத்துல ரோடே இல்லீங்களே மேடம், காட்டு நடுவுல காட்டுது, அது நம்ம பக்கமா கர்நாடகாப் பக்கமா என்று கேட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கந்தாண்ணே, நம்ம பக்கந்தான், கிட்ட இருக்க ரோட்டுல போங்க என்றாள் ஜெயப்ரியா. எனக்கு ஏதோ உறுத்தியது. கெம்பம்மாவிடம், உங்கள் கொட்டாய்க்கு வண்டி எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டேன். அவர்கள் வருகிற ரோட்டைச் சொன்னதும் ஐயோ அது வேண்டாம் என்றாள். மேப்பில் பார்த்தால் அந்த ரோடு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் ஆள் இறங்க முடியாத பள்ளம், எதிர்க்கரையில் நின்று என்னைப் பார்க்கத்தான் முடியும், வந்து தூக்க முடியாது, சுற்றிக்கொண்டு வரச் சொல்லு, மாட்டுத் தண்ணித் தொட்டி தாண்டி இடது கைப் பக்கம் ஒரு வண்டிப்பாதை, அதில் கடைசிவரை வந்துவிட்டு இறங்க வேண்டும் என்றாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொல்ல, ஜெயப்ரியா அங்கே சொல்ல, டிரைவர் வண்டியைத் திருப்பினார். இருட்டுவதற்குள் போய்விடலாமா என்று ஜெயப்ரியா கேட்டதற்கு, பாக்கலாம் மேடம் என்றார்.

நான் எடுக்கவில்லை என்றதும் நீ ஜெயப்ரியாவுக்கு எழுத ஆரம்பித்தாய். அத்தாவுக்கு ஒன்றும் இல்லை, இது வேறொரு அம்மா என்று அவள் பதில் போட்ட பிறகும் நீ விடாமல், காலை அசைக்கக் கூடாது, எழுந்திருக்கப் பார்க்கக் கூடாது, ரத்தம் வந்தால் துணியை வைத்து அழுத்தட்டும், தூங்க மட்டும் விடாதீர்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று எழுதினாய். தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினாய், கொடுக்கத்தான் அங்கே யார் இருந்தார்கள். நீ எழுதியதை ஜெயப்ரியா வாசிப்பாள், நான் கன்னடத்தில் சொல்வேன், அந்த மலையில் ஒருத்தி கேட்டுக்கொண்டு சரி என்பாள். கோபத்தோடு எழுதியிருப்பாய், ஆனாலும் உன் வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்தது கண்ணு, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தூங்க விடாமல் என்னதான் பேசுவது. மாட்டின் பெயரைக் கேட்டேன், கௌரியாம். பக்கத்தில் நிற்கிறதா என்றேன், பாவி மாடு எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கும் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், நோகுது சிரிக்க வைக்காதே என்றாள். ஒரே மகன், வெங்கடசாமி, ஓசூரில் கம்பெனி வேலை, அவனுக்குச் சொல்லிவிடும்மா என்றாள். எந்தக் கம்பெனி என்றால் தெரியவில்லை, நம்பரும் மனப்பாடம் இல்லை. ஓசூரில் எத்தனை கம்பெனி, அதில் எந்த லாக்கரில் அவன் போன் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். என் மகனும் அப்படித்தான் என்று அவளுக்குச் சொன்னேன். பேசப் பேச அவள் சொற்கள் இழுபட ஆரம்பித்தன. நான் கேட்டது ஒன்று, அவள் சொல்வது ஒன்று. கெம்பம்மா, கெம்பம்மா என்று நான் கத்துவதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்புறம் அவள், இதில் சிவப்பாக ஒன்று மினுங்குகிறதே என்றாள். ஜெயப்ரியாவிடம் சொன்னேன், சார்ஜ் தீரப்போவுதுக்கா, லைன கட் பண்ணிடுங்க, வாட்ச் செத்தா புள்ளியும் நின்னுடும் என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் நான் கெம்பம்மாவிடம், வைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்றதும் அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள், பொழுது சாய்கிறது, யானை இறங்குகிற நேரம், நீ போய்விட்டால் நான் தனியாக ஆகிவிடுவேன் என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள் சானியா. உன் நினைப்பு வந்தது, ஏன் என்று தெரியவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, நம்பு, நான் மறுபடி கூப்பிடுவேன், பச்சையைத் தொடு என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், உன்னிடம் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அழுதால் அவளிடம் பேச முடியாது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடி போட்டேன், உடனே எடுத்தாள். வண்டி தண்ணித் தொட்டி தாண்டிவிட்டது என்று சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிளை முறிகிற சத்தம் கேட்கிறது, பேசாதே என்றாள். அவ்வளவுதான், லைன் போயிற்று. திரும்பப் போட்டால் இணைப்பில் இல்லை என்று வந்தது. மேப்பில் புள்ளி சாம்பல் நிறமாகி நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. டிரைவரின் போனும் மேலே போனதும் கிடைக்கவில்லை. அடுப்பில் வைக்காத கஞ்சி அரிசி பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பாங்கு சொன்னார்கள், எனக்குக் காதில் விழவில்லை, ஜெயப்ரியாதான் பேரீச்சம்பழ டப்பாவைத் தேடி எடுத்து, ஒரு பழத்தை என் கையில் வைத்து, தண்ணீர் டம்ளரை நீட்டி, அக்கா நேரமாச்சு, வாயில போடுங்க என்றாள். அந்தப் பெண் எங்கேயோ விருதுநகர்ப் பக்கம், இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நோன்பு திறந்தேன். நின்றுபோன புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அத்தா. அஸ்மத், நான்தான், நோன்பு தொறந்துட்டியா என்றார். என்ன கேள்வி பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். ஆம்புலன்ஸ் டிரைவரின் போனிலிருந்து பேசினார். கிளை முறிந்த சத்தம் அவர்கள்தான், கொட்டாயிலிருந்து ஆட்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு, வழியில் முள்ளை வெட்டிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் மேலிருந்து இறங்க, ஆம்புலன்ஸ்காரர்கள் வண்டிப்பாதைப் பக்கமிருந்து வர, கெம்பம்மா கிடந்த இடத்தில் இரண்டு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, கட்டிலில் கிடத்தி, வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அத்தா கொட்டாய்க்காரர்கள் கொடுத்த தண்ணீரில் நோன்பு திறந்திருக்கிறார், தோளில் யாருடைய துண்டோ. லாரியை ரோட்டோரமே விட்டுவிட்டு, கெம்பம்மாகூடவே வண்டியில் ஏறிக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிவரை போனார். அவளுக்கென்று யாரும் வருகிறவரை தனியாக விட மனசு வரலை என்றார். வைத்துவிட்டு உடனே உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டாய். உன் வார்டில் நீ எந்த மூலையில் நின்று அழுதாயோ என்று அப்புறம் நினைத்தேன்.

அர்பாஸ் ஷிப்டு முடிந்து லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விட்டான். வெங்கடசாமியும் அப்படித்தான், கொட்டாய்க்காரர்கள் அனுப்பிய செய்தியை வெளியே வந்த பிறகுதான் பார்த்திருக்கிறான். இரண்டு பேரும் யூனிபாரத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாள் ஆபரேஷன் செய்து தொடையில் கம்பி வைத்தார்கள். விடியும்வரை அங்கேயே கிடந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக வெங்கடசாமி அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அத்தா, பொத்தான அழுத்தினது மட்டும்தான் நான், மத்ததெல்லாம் எங்க வீட்டுப் பொம்பளைங்க என்றாராம். அர்பாஸ் வந்து சொன்னான்.

நேற்று நான் அத்தாவோடு கெம்பம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன், யாரோ என்று வெறுமனே பார்த்தாள். கெம்பம்மா, கௌரி வீட்டுக்கு வந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. நீ வைத்துவிட்டுப் போனபோது உன்மேல் கோபம் வந்தது, மறுபடி கூப்பிட்டாய் பார், அப்போதுதான் பிழைத்துவிடுவேன் என்று தோன்றியது என்றாள். வீட்டைப் பற்றிக் கேட்டாள். மகள் ஒருத்தி இருக்கிறாள், நர்சு, அன்றைக்குக் காலை அசைக்காதே என்றது, தூங்காதே என்றது எல்லாம் அவள் சொல்லித்தான் நான் சொன்னேன் என்றேன். எங்க இருக்கா, வரச் சொல்லு பாக்கணும் என்றாள். கடல் தாண்டி வெகு தூரத்தில், ஒற்றை ஆளாக இருக்கிறாள் என்றேன். அவளுக்கும் இது மாதிரி வாட்ச் இருக்குதா என்றாள். இருக்கிறது என்றேன். அவளுக்கு ஒண்ணுன்னா உனக்குத்தான் சொல்லுமா என்றாள். ஆமாம் என்றேன். உனக்குச் சொல்லி நீ என்ன பண்ணுவ, அவகிட்ட யாரு ஓடுவாங்க என்று கேட்டாள். குத்திக் காட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அத்தாவைப் பார்த்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சூளகிரி தாண்டியதும் அத்தா என் பக்கம் திரும்பினார். அஸ்மத், நம்ம பொண்ணு வாட்சுல யாரு பேரெல்லாம் போட்டிருக்கா என்றார். நம் மூன்று பேர்தான் என்றேன். மூணு பேரும் ஓசூர்லயே இருக்கோமே என்றார்.

அதனால் சானியா, நான் கேட்பது இந்த ஒன்றுதான். உன் வாட்சில் நம் பெயர்களுக்கு மேலே, உனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவர் பெயரைப் போடு. நீ கீழே விழுந்தால் செருப்பு மாட்டாமல் ஓடி வருகிற ஆளாக இருக்க வேண்டும், உன் கதவின் சாவி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். கூட வேலை செய்கிற பெண்ணாக இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கட்டும். வேறு யாராவது இருந்தாலும் சரி. போன தடவை நீ வந்திருந்தபோது, ஒரு போன் வந்தால் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாய். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், அத்தாவும் கேட்கமாட்டார், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரைப் போட்டுவிட்டு அந்த நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. உன்னிடமிருந்து அந்தச் சத்தம் வந்தால் நான் முதலில் கூப்பிடுவது அந்த நம்பராக இருக்கும். அவர்களுக்கு என்ன மொழி தெரியும் என்று மட்டும் சொல்லிவை, நான் அதற்குத் தகுந்தபடி இரண்டு வார்த்தை கற்று வைத்துக்கொள்கிறேன்.

புளியை டப்பாவில் அடைத்து ஈரம் படாமல் வை, இந்த வருஷத்துப் புளி, நல்ல சிவப்பு. ஊறுகாய்க்கு உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன், அங்கே நாள்பட இருக்கட்டும் என்று. சஹருக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டு டூட்டிக்குப் போகாதே. ஜெயப்ரியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பெருநாளுக்குள் எனக்கு அந்த நம்பர் வந்துவிட வேண்டும்.

நீ எங்கே இருந்தாலும் அங்கே உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களை அல்லாஹ் வைக்கட்டும், நீ கூப்பிடும் முன்னே அவர்கள் காதில் விழட்டும், ஆமீன்.

உன் அம்மா,
அஸ்மத்.